பட்டம் வாங்கியாச்சு, வேலையும் கிடைச்சாச்சு. கல்லூரிக் கணக்கு மூடுவதற்குள் எதையெல்லாம் எடுத்துக்கொள்வது?

கடைசிபெஞ்ச்:

வணக்கம் எல்லோருக்கும். கடைசிப் பருவத் தேர்வு முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். முதலாம் ஆண்டில் நிரலாக்கத்தில் பாயின்டர் புரியாமல் இங்கே வந்து கேள்வி கேட்ட நாளிலிருந்து எத்தனையோ பேர் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் வீட்டுக்கு அடுத்தபடியாக உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. நன்றி.

வேலையும் கிடைத்திருக்கிறது. மென்பொருள் சோதனைக் குழுவில் சேர்கிறேன். நிரல் எழுதும் வேலை கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் வருத்தமே இல்லை. ஒரு செயலி எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பது எனக்கு உண்மையாகவே பிடித்த விஷயம்.

இந்த இழையைத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. கல்லூரியின் கணினிப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. படிப்பு முடித்தவர்களின் கணக்குகள் மாதக் கடைசியில் மூடப்படும், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரி. "தேவையானது" எது என்று உட்கார்ந்து பட்டியல் போட ஆரம்பித்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் ஆவணங்கள் அந்தக் கணக்கின் டிரைவில்தான் இருக்கின்றன. வழிகாட்டிப் பேராசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் அதில்தான். நண்பர்கள் எடுத்த படங்கள், எழுதிய நிரல்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் கணக்கு, படிக்கும்போது இலவசமாகக் கிடைத்த மென்பொருள்கள் எல்லாமே அந்த ஒரு கல்லூரி மின்னஞ்சல் முகவரியில்தான் தொங்குகின்றன. நான்கு வருட வாழ்க்கைக்கு அந்த முகவரிதான் வாசல்.

எங்கிருந்து தொடங்குவது? முன்னால் இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

சர்வர்_அறை:

வாழ்த்துகள் சகோ. நான் ஒரு கல்வி நிறுவனத்தில் இந்தக் கணக்குகளைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிற ஆள். இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலானோர் முதலில் படங்களையும் கோப்புகளையும் இறக்குவார்கள். அதைப் பிறகு செய்யுங்கள். முதலில் செய்யவேண்டியது, இந்த முகவரியை வைத்து நீங்கள் வேறு எங்கெல்லாம் கணக்கு திறந்திருக்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பது. காரணம் எளிது. கடவுச்சொல் மறந்தால் அதை மாற்றும் இணைப்பு இந்தப் பெட்டிக்குத்தான் வரும். பெட்டி போய்விட்டால் அந்தக் கணக்கும் கையை விட்டுப் போகும். கோப்பு போனால் ஒரு கோப்புதான் போகிறது, முகவரி போனால் அதன் பின்னால் இருக்கிற அத்தனையும் போகின்றன.

கண்டுபிடிக்க வழி: மின்னஞ்சல் தேடலில் "வெல்கம்", "வெரிஃபை", "கன்ஃபர்ம்", "ரிசீப்ட்" என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நீங்கள் மறந்தேபோன கணக்குகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அப்புறம் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், இந்தக் கணக்கோடு இணைக்கப்பட்ட வெளிச் செயலிகளின் பட்டியல் இருக்கும். அதை ஒன்று விடாமல் பாருங்கள். "கூகுள் மூலம் உள்நுழைக" பொத்தானை அழுத்தித் திறந்த கணக்குகளில் பலவற்றுக்குத் தனிக் கடவுச்சொல்லே கிடையாது. அவற்றுக்குள் இப்போதே போய், சொந்த முகவரியைச் சேர்த்து, புதுக் கடவுச்சொல் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். கல்லூரிக் கணக்கு உயிரோடு இருக்கும்போது இது ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிட வேலை. மூடியபிறகு என்றால் வாடிக்கையாளர் சேவையிடம் "நான்தான் நான்" என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அதன் பிறகு டேக்அவுட், அதாவது கூகுள் கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி. உங்கள் கல்லூரி கூகுளைத்தான் பயன்படுத்துகிறது என்று நினைக்கிறேன். கேட்டால் எல்லாவற்றையும் கட்டித் தரும். தயாரானதும் வரும் பதிவிறக்க இணைப்பு சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். அதனால் மூடும் நாளுக்கு முந்தைய நாள் கேட்காதீர்கள். கோப்பின் அளவைப் பொறுத்து, தயாராவதற்கே சில நாட்கள் ஆகலாம். சில நிறுவனங்களில் நிர்வாகியே டேக்அவுட்டை முடக்கி வைத்திருப்பார், அப்படியென்றால் கையால்தான் இறக்க வேண்டும்.

முக்கியமான இன்னொன்று. "என்னுடன் பகிரப்பட்டவை" பகுதியில் இருப்பதை டேக்அவுட் எடுக்காது, உங்களுக்குச் சொந்தமானதை மட்டும்தான் எடுக்கும். ப்ராஜெக்ட் ஆவணத்தை உங்கள் தோழி திறந்திருந்தால், அவர் கணக்கு மூடப்படும்போது அந்த ஆவணமும் போய்விடும், உங்கள் டிரைவில் அது தெரிந்துகொண்டிருந்தாலும்.

கடைசிபெஞ்ச்:

சர்வர்_அறை அண்ணா, கடைசிப் பத்தியைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. எங்கள் இறுதி அறிக்கையைத் திறந்தது குழுவிலிருந்த வேறொருவர். பேராசிரியரின் குறிப்புகள் எல்லாம் அதில்தான். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரைபடத்துக்குப் பக்கத்தில், "இந்த எண் எங்கிருந்து வந்தது? வாசகர் உங்களை நம்ப வேண்டியதில்லை, நீங்கள்தான் காட்ட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காக நாங்கள் சோதனை முழுவதையும் மறுபடி ஓட்டினோம். சோதனைத் துறைக்கு நான் வந்ததற்கே அந்த வரிதான் காரணம் என்றுகூடச் சொல்வேன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

நகல் எடுத்தால் குறிப்புகளும் வருமா?

சர்வர்_அறை:

வரும். "நகல் எடு" கொடுக்கும்போது குறிப்புகளையும் பரிந்துரைகளையும் சேர்த்து நகலெடுக்கவா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். அதில் டிக் போட வேண்டும், இல்லையென்றால் வெறும் உரைதான் வரும். ஆனால் திருத்த வரலாறு, அதாவது யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்பது, நகலுக்கு வராது. அது வேண்டுமென்றால் இப்போதே முக்கியமான பழைய வடிவங்களைத் திறந்து தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நகலை எடுத்து உங்கள் கல்லூரிக் கணக்கிலேயே வைத்தால் பயனில்லை. சொந்தக் கணக்கோடு பகிர்ந்து, அங்கே உள்ளே போய் நகலெடுங்கள். வெளியாருடன் பகிர்வதைக் கல்லூரி தடுத்திருந்தால் வேர்டு கோப்பாக இறக்குங்கள், குறிப்புகள் அதிலும் ஓரத்தில் வரும். ஒரு பி.டி.எஃப். பிரதியும் எடுத்து வையுங்கள். பல வருடம் கழித்துத் திறந்தாலும் பக்கம் கலையாமல் இருக்க வேண்டும் என்றால் பி.டி.எஃப்/ஏ என்ற வடிவம் இருக்கிறது. ஆவணக் காப்பகங்களுக்காகவே 2005இல் ஐ.எஸ்.ஓ. தரமாக வந்தது, எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கும். லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது அந்தத் தேர்வு இருக்கிறது.

நள்ளிரவு_கமிட்:

கிட்ஹப் பற்றி யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவருக்கு இது முக்கியம், அதனால் நான் சொல்கிறேன்.

கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி, ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். ஒவ்வொரு கமிட்டிலும் மின்னஞ்சல் முகவரி பதிவாகிறது. அந்த முகவரி உங்கள் கணக்கில் இருக்கிற வரைக்கும்தான் அந்தக் கமிட் உங்கள் பெயரில் கணக்காகும். புதுசாகத் தொடங்கலாம் என்று கல்லூரி முகவரியைக் கணக்கிலிருந்து நீக்கினால், பழைய கமிட்டுகளுக்கும் உங்கள் சுயவிவரப் பக்கத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். எந்த நாளில் வேலை செய்தீர்கள் என்று அந்தப் பக்கத்தில் காட்டும் பச்சைக் கட்டங்கள் காணாமல் போகும்.

அதனால் செய்யவேண்டியது: சொந்த முகவரியைச் சேருங்கள், அதையே முதன்மை ஆக்குங்கள், பழையதை நீக்காமல் விடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். அமைப்புகளில் மின்னஞ்சல் பக்கத்திலேயே "பேக்கப் முகவரி" என்று ஒன்று இருக்கிறது. அதில் முதன்மை முகவரிக்கு மட்டுமே அனுமதி என்று மாற்றுங்கள். நாளைக்கே உங்கள் பழைய முகவரியைக் கல்லூரி வேறு ஒரு மாணவருக்குக் கொடுத்தால், அவர் அதை வைத்து உங்கள் கடவுச்சொல்லை மாற்ற முயலும் வழி அடைபடும்.

இனி எழுதும் கமிட்டுகளுக்கு கிட்ஹப் தருகிற "நோ-ரிப்ளை" முகவரியை வைத்துக்கொண்டால், வேலை மாறினாலும் முகவரி மாறினாலும் இந்தத் தலைவலி திரும்ப வராது. உங்கள் கணினியில் கிட் அமைப்பிலும் அந்த முகவரியை மாற்ற மறக்காதீர்கள்.

கிட்ஹப்பில் கல்லூரி நடத்தும் ஆர்கனைசேஷன் என்ற குழுக் கணக்குக்குள் உங்கள் களஞ்சியம் (நிரல் அடைவு) இருந்தால் அதைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். அதன் சாவி உங்களிடம் இல்லை.

புதுமழை:

நானும் இந்த வருடம்தான் முடித்தேன், ஆனால் படிப்பு புள்ளியியல். எங்கள் துறையில் பிரச்சினை வேறு மாதிரி. ஆய்வுத் தரவு எல்லாம் உரிமம் வாங்கி ஓட்டுகிற மென்பொருளின் சொந்த வடிவத்தில் இருக்கிறது. மாணவர் உரிமம் முடிந்ததும் மென்பொருள் திறக்காது, கோப்பு மட்டும் கையில் இருக்கும். உரிமம் இருக்கும்போதே எல்லா அட்டவணைகளையும் சி.எஸ்.வி.யாக, அதாவது எதிலும் திறக்கும் வெறும் உரை அட்டவணையாக மாற்றினேன். ஆனால் சி.எஸ்.வி.யில் எண்கள் மட்டும்தான் போகும். "1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை, 9 என்றால் பதில் தரவில்லை" என்ற விளக்கம் எல்லாம் விடுபட்டுவிடும். அதைத் தனி உரைக் கோப்பாக எழுதி அதே அடைவில் போட்டேன். வரைபடம், வடிவமைப்பு செய்கிறவர்களும் தங்கள் கோப்புகளை எஸ்.வி.ஜி., பி.டி.எஃப். மாதிரி எதிலும் திறக்கும் வடிவத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக் கட்டுரை எதிலாவது உங்கள் பெயர் வந்திருந்தால் ஆர்கிட் எண் எடுத்துக்கொள்ளுங்கள், அது ஆய்வாளர்களுக்கான அடையாள எண். 2012இலிருந்து இருக்கிறது, பதினாறு இலக்கம், இலவசம். நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. அதிலும் சொந்த முகவரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஒளிப்பெட்டி:

படங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. டேக்அவுட்டில் வரும் படங்களோடு, படத்தின் விவரங்களை எழுதி வைத்திருக்கும் ஜேசன் என்ற சிறு கோப்புகளும் பக்கத்தில் வரும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கேமரா எழுதிய தேதி படத்துக்குள்ளேயே இருக்கும். ஆனால் நீங்கள் பிறகு எழுதிய விளக்கம், திருத்திய தேதி போன்றவை எல்லாம் அந்தத் துணைக் கோப்பில்தான். வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களுக்கு உள்ளே பெரும்பாலும் தேதி இருக்காது. அவற்றின் தேதிக்குத் துணைக் கோப்பு முக்கியமான ஆதாரம். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அந்த விவரங்களைப் படத்துக்குள் எழுதிவிடலாம்.

வானொலி:

எல்லோரும் எப்படி எடுத்துப்போவது என்று மட்டும் பேசுகிறீர்கள். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

நான் படிப்பு முடித்தபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். ஒவ்வொரு ஸ்லைடு, ஒவ்வொரு பணி ஒப்படைப்பு, நோட்டீஸ் போர்டு மாதிரி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரு பெரிய டிரைவில் கிடக்கின்றன. இன்றைக்கு ஒன்றைத் தேடினால் எது உண்மையான கடைசி வடிவம் என்று தெரியாத நான்கு கோப்புகள் வருகின்றன. பேராசிரியர் எழுதிய ஒரு வரி உங்களுக்கு முக்கியம் என்றீர்களே, அதுமாதிரி ஒரு சிறு அடைவுக்குள் அடங்கக்கூடியதை மட்டும் கவனமாகத் தேர்ந்து எடுங்கள். மற்றதை விட்டுவிடலாம். பாடக் குறிப்புகள் புத்தகங்களிலும் இணையத்திலும் இன்னும் நல்ல வடிவில் இருக்கின்றன.

சர்வர்_அறை:

வானொலி, உங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். ஆனால் கணக்கு மூட இரண்டு வாரம் இருக்கும்போது உட்கார்ந்து தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் நேரம் போதாது. முதலில் மொத்தமாக எடுங்கள், பிறகு அவகாசத்தில் சலித்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் விட்டதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. கணக்கை அழித்தபிறகு என்னிடம் வந்து கேட்கிற மாணவர்களுக்கு நான் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்வது எனக்குப் பிடிப்பதே இல்லை.

கல்லூரிகள் ஏன் இவ்வளவு அவசரப்படுகின்றன என்று பலருக்குக் கோபம் வரும். முன்பு கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் அளவில்லாத சேமிப்பிடம் கொடுத்தது. அந்த வசதியை நிறுத்தி, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து அடிப்படையாக 100 டெராபைட் என்று 2022இல் வரம்பு வைத்தார்கள். அதற்கு முன்பு முடித்தவர்களின் கணக்குகளை விட்டு வைத்திருந்த பல நிறுவனங்கள் அதற்குப் பிறகுதான் மூட ஆரம்பித்தன.

கடைசிபெஞ்ச்:

நான் சர்வர்_அறை அண்ணா சொன்னபடி மொத்தமாக எடுத்துவிட்டு, வானொலி சொன்னபடி ஒரு சிறு அடைவையும் தனியாக வைக்கப்போகிறேன். இரண்டும் முரணாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கேள்வி, இதையெல்லாம் வைக்க இடம் வேண்டும். கையில் இருப்பது கல்லூரியில் சேர்ந்தபோது அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த லேப்டாப். 4 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டது. ஆன் செய்துவிட்டு முகம் கழுவி வந்தால்தான் திரை தயாராக இருக்கிறது. சமீபமாக டச்பேடின் இடது பக்கம் அழுத்த மறுக்கிறது. முதல் சம்பளத்தில் புதுசு வாங்குவதா, இதையே தேற்றுவதா?

பழைய_லேப்டாப்:

சகோ, மற்றதெல்லாம் அப்புறம். டச்பேடு பற்றிச் சொன்னது எனக்குக் கவலையாக இருக்கிறது. லேப்டாப்பை மூடி, சமமான மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? பக்கவாட்டில் மூடியின் விளிம்பில் இடைவெளி தெரிகிறதா? டச்பேடு ஒரு பக்கம் மேடாக இருக்கிறதா? இதில் எது இருந்தாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பல மாதிரிகளில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே அல்லது ஒட்டித்தான் இருக்கும். உப்பி மேலே தள்ளும்போது முதலில் அடம்பிடிப்பது டச்பேடுதான்.

அப்படி இருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், குத்தவே குத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி வயதாகும்போதும், அதிகம் சூடாகும்போதும், நாள்முழுக்க நூறு சதவீதத்திலேயே செருகிக் கிடக்கும்போதும் உள்ளே வாயு உண்டாகி உப்பும். கழற்றத் தெரிந்த ஆளிடம் கொடுத்து மாற்றுங்கள். பழையதைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, மின்கழிவு வாங்குகிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். வேண்டிய கோப்புகள் அதில் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து எடுத்துக்கொள்ளலாம்.

கடைசிபெஞ்ச்:

மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஆடுகிறது. விளிம்பில் ஒரு அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி. உடனே அணைத்து, தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நாளைக்கே பேட்டரி மாற்றக் கொடுக்கிறேன். மிக்க நன்றி, இதை நான் டச்பேடு கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய_லேப்டாப்:

நல்லது. பேட்டரி மாற்றத் திறக்கும்போதே ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சுழலும் டிஸ்க்கில் முள் ஒவ்வொரு தரவுக்கும் இடம் தேடி நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை, அதனால் ஆன் ஆகும் நேரம் கண்கூடாகக் குறையும். ரேம் கூட்ட இடம் இருந்தால் 8 ஜி.பி. ஆக்குங்கள்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் தனிநபர்களுக்கு ஒரு வருடம் மட்டும்தான். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும். உங்களுடையதில் அது இல்லை. நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவேன். அதன் எடை குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு 4 ஜி.பி.யிலும் இழுக்காமல் ஓடும். முதலில் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

புதுமழை:

லினக்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தேவையான ஒரு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அலுவலகத்தில் லேப்டாப் தருவார்களே, அதை வைத்தே சமாளிக்கலாமே?

மனிதவளம்:

அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள். நான் ஆளெடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நிறுவனம் தரும் லேப்டாப் நிறுவனத்துடையது. அதில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் உரிமையும், தூரத்திலிருந்தே அழிக்கும் வசதியும் அவர்களுக்கு இருக்கும். வேலையை விட்டுப் போகும் நாளில் சிலருக்குக் காலையிலேயே திரை பூட்டப்பட்டுவிடும். உள்ளே பிறந்தநாள் படங்களும் வரி ஆவணங்களும் மாட்டிக்கொண்டிருக்கும். கல்லூரிக் கணக்கில் இப்போது பட்ட பாட்டை அங்கே மறுபடி படவேண்டாம். அலுவலக பிரவுசரில் சொந்தக் கணக்கை இணைத்து, கடவுச்சொற்களைச் சேமிக்கவும் வேண்டாம். பழைய லேப்டாப்பாக இருந்தாலும் சொந்தமாக ஒன்று இருப்பது நல்லது.

பயோடேட்டாவில் கல்லூரி முகவரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். விண்ணப்பித்து மாதங்கள் கழித்துக்கூட நாங்கள் அழைப்பு அனுப்புவோம், சான்று சரிபார்ப்பு மின்னஞ்சல்கள் வேலையில் சேர்ந்த பிறகும் வரும். அந்த பி.டி.எஃப்.ஐத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் குழம்பி வந்தால் எங்கள் மென்பொருளும் அப்படித்தான் படிக்க வாய்ப்பு உண்டு. இரண்டு பத்தி வடிவமைப்பில் இது அடிக்கடி நடக்கும்.

இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. சேர்வதற்கு முன் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று யார் பணம் கேட்டாலும் அது ஏமாற்று. மின்னஞ்சலில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதாது, "அட்" குறிக்குப் பின்னால் வரும் முகவரி அந்த நிறுவனத்தின் இணையதள முகவரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

நள்ளிரவு_கமிட்:

சேமிப்பு பற்றி என் கருத்து: இவ்வளவு சிரமப்படத் தேவையில்லை. சொந்தக் கிளவுட் கணக்கில் எல்லாவற்றையும் போட்டு, கணினியிலும் கிளவுடிலும் தானாக ஒரேபோல இருக்கும்படி சிங்க் செய்துவிட்டால் முடிந்தது. கையில் வைக்கும் டிரைவ் கெட்டுப்போகும், தொலையும். பெரிய நிறுவனங்களின் தரவு மையங்கள் நம் மேசை அறையைவிட நிச்சயம் பத்திரமானவை.

ஒளிப்பெட்டி:

கமிட், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்கில் ஒரு இடத்தில் கை தவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் நீங்கள் கவனிக்கவில்லையென்றால் போனதுதான். கணக்கே முடக்கப்பட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023இல் கூகுள் விதியே கொண்டுவந்துவிட்டது. பழைய படங்களுக்கென்று தனியாகக் கணக்கு திறந்து மறந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

படம் எடுப்பவர்கள் வெகுகாலமாகப் பின்பற்றுவது 3-2-1 முறை. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது. மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகையான சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். சகோவுக்கு இதைச் செய்ய ஒன்றும் பெரிதாக வேண்டாம். லேப்டாப்பில் ஒன்று, வெளியே எடுத்து வைக்கும் டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கிளவுட் தான் அந்த "வேறு இடம்". கமிட் சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது ஒன்றே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

நள்ளிரவு_கமிட்:

அழித்தால் எல்லா இடத்திலும் அழியும் என்பது சரிதான், அதை ஏற்கிறேன். ஆனால் டிரைவை மாதாமாதம் செருகிப் பிரதி எடுக்கும் பழக்கம் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பதும் உண்மை. தானாக நடப்பது எதுவோ அதுதான் நிலைக்கும் என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன்.

சர்வர்_அறை:

இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று, புதிய சொந்த முகவரியின் பாதுகாப்பு. இனி எல்லாச் சாவியும் அதில்தான் இருக்கப்போகிறது. அதனால் வேறு எங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல், அதோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ஆதன்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண் இணையத்திலிருந்து வருவதில்லை. முதல் நாள் நீங்கள் ஸ்கேன் செய்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, போனே 30 நொடிக்கு ஒரு முறை கணக்கிடுகிறது. அந்த ரகசியம் போனில் மட்டும் இருந்து, போனும் தொலைந்தால் வழி அடைபடும். இதற்காகத்தான் பேக்கப் குறியீடுகள் தருகிறார்கள். கூகுள் பத்துக் குறியீடுகள் தரும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, சான்றிதழ்கள் வைக்கிற உறையிலேயே வையுங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பதில் பலனில்லை.

கடைசிபெஞ்ச்:

எழுதி வைத்துவிட்டேன் அண்ணா.

தொழில்நுட்பம் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லலாமா? கோப்புகளை எல்லாம் பிரித்துக்கொண்டிருக்கும்போது வகுப்புக் குழுவைத் திறந்தேன். தேர்வு நேரத்தில் நிமிடத்துக்கு நூறு செய்தி வரும் இடம். முடிவு வந்த அன்று வாழ்த்துகள் குவிந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. யாருக்கும் யார் மீதும் வருத்தம் இல்லை, ஆளுக்கொரு திசையில் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் தினமும் பார்த்த முகங்களை இனி எப்போது பார்ப்பேன் என்று தெரியாதது மனசைப் பிசைகிறது.

வானொலி:

சகோ, தாராளமாகச் சொல்லலாம். இது எல்லோருக்கும் நடப்பது, ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை.

அறுபது பேர் குழு பேசிக்கொண்டிருந்ததற்குக் காரணம் நாளைக்கு என்ன ஒப்படைக்க வேண்டும் என்ற கேள்விதான். கேள்வி போனதும் குழு அமைதியாகும், அதைத் திரும்ப எழுப்ப முடியாது. உண்மையாகவே விட மனமில்லாதவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்குத் தனியாக, பெயர் சொல்லி எழுதுங்கள். "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்று பதில் வந்து அதோடு நிற்கும். நீங்கள் எதையாவது சொல்லித் தொடங்குங்கள், உதாரணமாக அந்தப் பேட்டரிக் கதையை.

நானும் என் கல்லூரித் தோழியும் குரல் பதிவு அனுப்பிக்கொள்கிறோம். இருவரின் வேலை நேரமும் ஒத்துப்போகாது. அவள் நடந்துகொண்டே பேசி அனுப்புவாள், நான் பேருந்தில் கேட்டு, இரவு பதில் சொல்வேன். பதில் தாமதமானால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்று தொடக்கத்திலேயே பேசிக்கொண்டோம். அந்த ஒப்பந்தம்தான் இதை இத்தனை வருடம் ஓட வைத்திருக்கிறது. கல்லூரி முகவரி மட்டுமே உங்களிடம் இருக்கிற நண்பர்களிடம், மூடுவதற்குள் சொந்த முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்டு வாங்குங்கள். பேராசிரியரிடமும்.

புதுமழை:

இதைப் படித்துவிட்டு நான் இரண்டு பேருக்கு எழுதினேன். ஒருவர் உடனே அழைத்துவிட்டார். நன்றி வானொலி.

கடைசிபெஞ்ச்:

நிலவரம் சொல்ல வந்தேன். வேலையில் சேர்ந்துவிட்டேன். முதல் வாரம் முழுக்க ஆவணங்கள் படிப்பதிலேயே போனது. நேற்றுத்தான் முதல் பிழை அறிக்கை எழுதினேன். பெயர் பெட்டியில் தமிழில் எழுதி, நடுவில் ஒரு எழுத்தை அழித்தால் மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தனியாக நிற்கிறது. எங்கள் குழுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, எப்படி நடந்தது என்று ஒவ்வொரு படியாக எழுதியிருந்ததை எல்லோருக்கும் காட்டினார். பேராசிரியருக்கு அன்று மாலையே எழுதினேன். அவருடைய சொந்த முகவரியிலிருந்து பதில் வந்தது.

லேப்டாப்பில் புது பேட்டரி, எஸ்.எஸ்.டி., மின்ட். நன்றாக ஓடுகிறது. டச்பேடும் சரியாகிவிட்டது. கல்லூரிக் கணக்கு சொன்ன நாளிலேயே மூடப்பட்டது. அறிக்கையின் நகல் குறிப்புகளோடு மூன்று இடத்திலும் இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. டேக்அவுட்டில் மின்னஞ்சல்கள் எல்லாம் எம்பாக்ஸ் என்ற ஒரே பெரிய கோப்பாக வந்திருக்கின்றன. உரைத் திருத்தியில் திறந்தால் கணினியே நின்றுபோகிறது. எதில் திறப்பது?

சர்வர்_அறை:

மகிழ்ச்சி சகோ. உரைத் திருத்தியில் திறக்காதீர்கள், இணைப்புக் கோப்புகள் எல்லாம் எழுத்துகளாக மாறி உள்ளேயே இருக்கும், அதனால்தான் திணறுகிறது. தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளை நிறுவுங்கள். அதில் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்.ஜி. என்ற நீட்சியைச் சேர்த்து, "லோக்கல் ஃபோல்டர்ஸ்" மேல் வலது சொடுக்கு செய்து எம்பாக்ஸை இறக்குமதி செய்யுங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் பட்டியல் தயாராகச் சற்று நேரம் எடுக்கும், இடையில் மூடாமல் விடுங்கள். தயாரானதும் அனுப்பியவர் பெயரை வைத்தே தேடலாம். அது முடிந்து எல்லாம் சரியாகத் தெரிகிறது என்று உறுதியாகும்வரை மூல எம்பாக்ஸ் கோப்பை அழிக்க வேண்டாம்.